குண்டு மிஷினுக்கு மெழுகு

அவள் யாரைப் பார்த்தாலும் எதையாவது கேட்பாள். கடன் கேட்க மாட்டாள், ஒரு கரண்டி சர்க்கரை கேட்க மாட்டாள். யோசனை கேட்பாள். அவளிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான். கெட்ட பழக்கம் என்று சொல்வது நான். எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாலும் தங்கமான குணம் என்றுதான் சொல்லியிருப்பாள். அவர்களுக்கென்ன, அவரவர் புருஷன் சாயங்காலம் அவரவர் வீட்டில் இருந்தான்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு மில்களுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. கொடியில் வெள்ளைத் துணி போட்டால் சாயங்காலம் சாம்பல் துணியாக எடுக்கலாம். வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்து வருவதற்குள், அதன்மேல் மில்லும் தன் பங்குக்குக் கறுப்புப் பொடியில் ஒரு கோலம் போட்டிருக்கும். அப்படிப்பட்ட தெருவில் எங்களுக்கு எதிர் வீட்டுக்குக் குடிவந்தாள் அவள். புருஷன் பழைய இரும்பு வியாபாரம் செய்கிற பாய். துறைமுகத்துக்கும் நெல்லூருக்குமாக அலைந்துகொண்டிருப்பார். வாரக் கடைசியில்தான் வீட்டில் அவர் செருப்பு தெரியும். பிள்ளை குட்டி இல்லை. பாயம்மா என்று எல்லோரும் கூப்பிட்டோம். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்பது அவள் வேலை.

ஆள் நெட்டை, ஒல்லி. முக்காட்டு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வாள். யாரையாவது ஒன்று கேட்டுவிட்டாள் என்றால், கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிடுவாள். துடைப்பமானாலும் சரி, கரண்டியானாலும் சரி. இரண்டு கையையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி, சொல்கிறவர் முகத்தையே பார்ப்பாள். ரேடியோவில் புயல் எச்சரிக்கை வாசிக்கும்போது கடற்கரைக்காரர்கள் பார்ப்பார்களே, அப்படி. சொல்லி முடித்ததும், "அப்டியா சொல்றீங்க" என்பாள். ஆச்சரியமாக இல்லை, சந்தேகமாகவும் இல்லை. ஏதோ இத்தனை நாள் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தவள் மாதிரி. அந்த "அப்டியா சொல்றீங்க"வில் விழாத ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. பொம்பிளையும்தான்.

தள்ளுவண்டியில் கத்திரிக்காய் கொண்டுவருகிறவரிடம் நாங்களெல்லாம் சொத்தை பார்த்துச் சண்டை போட்டு வாங்குவோம். இவள் காயைத் தொடவே மாட்டாள். "உங்க ஊட்டுக்கு எடுத்துகினு போறதா இருந்தா எத்த எடுப்பீங்கண்ணே?" என்று கேட்டுவிட்டு நிற்பாள். அந்த மனுஷன் தன் பெண்டாட்டிக்கு எடுப்பதுபோல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுத்துப் போடுவார். மிச்சத்தில் சொத்தை எங்களுக்கு. சிலிண்டர் போடுகிறவரை அடுப்பு மேடை எந்தப் பக்கம் இருந்தால் நல்லது என்று கேட்டாள். அவர் உள்ளே போய், காற்று வரும் திசையெல்லாம் பார்த்து, விளக்கிவிட்டு வெளியே வருவதற்குள் தெருவில் பாதி வீட்டில் சாம்பார் பாதியில் நின்றது.

என்னையும் ஒரு தரம் கேட்டாள். குடிவந்த புதிதில் ஒருநாள் கையில் பாத்திரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்று, மீன் குழம்புக்குப் புளியை எப்போது ஊற்றுவது என்று கேட்டாள். எனக்குச் சொல்லவா வேண்டும். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதிலிருந்து ஆரம்பித்தேன். வங்காவாசி மீனுக்கு ஒரு புளி, கெளுத்திக்கு ஒரு புளி. குழம்பு கொதிக்கும்போது கரண்டி போட்டுக் கிண்டினால் மீன் உடைந்துவிடும், சட்டியைத் தூக்கித்தான் சுற்ற வேண்டும் என்று வெறும் சட்டியைத் தூக்கிச் சுற்றியும் காட்டினேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறந்தபடி முழுதும் கேட்டாள். "அப்டியா சொல்றீங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டை நான் பெருமையிலேயே முடித்துக்கொண்டேன்.

பிறகுதான் தெரிந்தது, அவள் பழவேற்காட்டில் பிறந்தவள் என்று. அப்பன், சித்தப்பன், மாமன் எல்லாருக்கும் மீன், இறால் வியாபாரம். அவள் தொட்டிலில் ஆடும்போதே கீழே இறாலைக் கொட்டி உரித்திருப்பார்கள். பழவேற்காட்டுக்காரிக்கு மீன் குழம்பு சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். நேராகப் போய்க் கேட்டேன், இன்னாம்மா, என்னை வச்சி வேடிக்கை பார்த்தியா என்று. அவள் நிஜமாகவே பதறிவிட்டாள். அவர்கள் வீட்டில் மாங்காய் போடுவதுதான் வழக்கமாம், புளிக் கணக்கு அவளுக்குப் பிடிபடாதாம். அது பொய்யா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிரித்தாளா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆளைக் கேலி செய்வதில் எனக்குக் கொஞ்சம் கை தேர்ந்த பழக்கம் உண்டு. ஒருத்தி என்னைக் கேலி செய்தாளா இல்லையா என்பதே தெரியாமல் போனது அந்த ஒரு தரம்தான். அதற்குப் பிறகு நான் அவளிடம் எதையும் கொட்டவில்லை. அவளும் என்னை எதுவும் கேட்கவில்லை.

குண்டு மிஷின் வந்தது அதற்குப் பிறகு. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பழைய இரும்போடு என்னென்னவோ வரும். சைக்கிள் வரும், தையல் மிஷின் வரும், ஒருதரம் சவப்பெட்டிப் பிடி மட்டும் மூட்டையாக வந்ததாகச் சொல்வார்கள். அப்படி வந்த ஒன்றை உடைத்துப் போட மனசில்லாமல் பாய் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாலு கால், கட்டில் அளவுக்குப் பெட்டி, மேலே கண்ணாடி. உள்ளே சாய்வான மரப் பலகையில் ஒரு இரும்புக் குண்டு மேலிருந்து கீழே உருண்டு வரும். கீழே இரண்டு சின்னக் கை இருக்கும். பெட்டியின் பக்கத்தில் இருக்கிற பொத்தானைத் தட்டினால் அந்தக் கை குண்டை மறுபடி மேலே அடித்துத் தள்ளும். தவறவிட்டால் குண்டு குழியில் விழுந்துவிடும். அவ்வளவுதான் ஆட்டம். இப்போது என் பேரன் கைப்பேசியில் விரலால் தட்டி ஆடுகிறான், அதேதான். என்ன, இதில் மணி அடிக்கும், தலைமாட்டில் நம்பர் ஓடும், ஊரே எழுந்து வரும்.

அந்தப் பலகை முழுவதும் படம் வரைந்திருந்தது. ஒரு வெள்ளைக்காரி புலி மேல் உட்கார்ந்திருப்பாள். குண்டு உருண்டு உருண்டு அவள் மூக்கும் புலியின் ஒரு காதும் தேய்ந்துபோய் மரம் தெரிந்தது.

எதிர் வீட்டு வாசலையொட்டி பாய் சாமான் போட்டு வைக்கிற ஷெட் ஒன்று தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். மிஷினை அங்கேதான் இறக்கினார்கள். எரியவில்லை. மறுநாள் அவள் வாசலில் நின்று, மில்லிலிருந்து வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"அண்ணே, இது எரியணும்னா மொதல்ல எங்க கை வைக்கணும்?"

என் வீட்டுக்காரர் ரோலிங் மில்லில் எலெக்ட்ரீஷியன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் பல்பு போய், தீபாவளி வந்து, பொங்கலும் வந்துவிட்டது. கேட்டால், நாள் பூரா ஒயரோடதான் கீறேன், ஊட்லயுமா என்பார். நான் இருட்டிலேயே பாத்திரம் தேய்க்கப் பழகிவிட்டேன். அந்த மனுஷன் அன்றைக்குச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த மிஷினுக்குள் தலையை விட்டார். வெளிநாட்டு மிஷினுக்கு நம்ம ஊர் கரண்ட் ஒத்துக்கொள்ளாதாம், அதற்குத் தனியாக ஒரு பெட்டி செய்து வைத்தார். உள்ளே நட்சத்திரம் மாதிரி சின்னச் சின்னப் பல்பு. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, எரியாததை மாற்றி, திரும்பவும் மாட்டினார். ஒரு வாரம் இதே வேலை. கடைசியில் வெள்ளைக்காரி புலியோடு ஜெகஜ்ஜோதியாக எரிந்தாள். நான் எங்கள் பின்கட்டில் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

சக்களத்தி வந்துவிட்டாள் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். அவளுக்கு நாலு கால், வயிற்றுக்குள் விளக்கு, மூக்கு மட்டும் இல்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அதை ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்க எதிர்சாரிக்குப் போனார்கள். அதுவரை சாயங்காலத்தில் தெருவே எங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருக்கும். நான் யாரையாவது மாதிரி நடித்துக்காட்டுவேன். மில் மேஸ்திரி நடை, ரயில்வே கேட்காரர் கொட்டாவி. அதற்கு மேல் எனக்கு வேறு சொத்து இல்லை. அதைத்தான் அந்த மிஷின் இழுத்துக்கொண்டு போனது. சரி, மிஷின்தானே, பத்து நாளில் சலித்துவிடும் என்று இருந்தேன்.

சலித்துப் போயிருக்கும். அவள் விடவில்லை. அதில் ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டாள்.

பலகையில் மெழுகு பூசலாமா, வேண்டாமா.

படம் மேலும் தேய்ந்துவிடக் கூடாது என்பது அவள் கவலை. மெழுகு பூசித் தேய்த்துவிட்டால் குண்டு படத்தை அரைக்காது, வழுக்கிக்கொண்டு போகும் என்று சொன்னவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். அவரும் ஆட வருகிறவர்தான். குண்டு இரும்பு, படம் பெயிண்ட், நடுவில் ஒன்று இருந்துதான் ஆகவேண்டும் என்பது அவர் கட்சி. என் வீட்டுக்காரர் எதிர்க்கட்சி. கடையில் வைத்துக் காலையிலிருந்து ராத்திரிவரை ஊரே ஆடுகிற மிஷினுக்குத்தான் மெழுகு வேண்டும், வீட்டில் நாலு பேர் ஆடுவதற்கு எதற்கு என்றார். அதோடு இந்தத் தெருவில் மெழுகைப் பூசி வைத்தால் மில் கரி முழுவதும் வந்து அதில் உட்காரும், வெள்ளைக்காரி காக்கையாகிவிடுவாள் என்றார். அந்தக் கடைசி வார்த்தை நான் அவரிடம் சொன்னது. அங்கே போய்த் தன்னுடையதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு பேரிடமும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்டியா சொல்றீங்க" என்றாள். இரண்டு பேரும் தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் மறுபடி கேட்டாள். மழைக்காலத்தில் மரம் உப்புமே, அப்போது பூசலாமா? வெயில் காலத்தில் மெழுகு இளகாதா? புதுக் குண்டு போட்டால் மெழுகு வேண்டாமா? அந்த ஒரு பலகைக்குள் இத்தனை சந்தேகம் இருக்கும் என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது. தபால்காரரைக் கேட்டாள். கறிக்கடைக்காரரைக் கேட்டாள், அவர் மரக்கட்டையைப் பற்றித் தெரிந்தவர் என்று. பெரியபாளையத்துக்குப் பொங்கல் வைக்கப் போகிற வழியில் தண்ணீர் குடிக்க நின்ற ஒரு குடும்பத்தையே கேட்டாள். அவர்கள் தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டே போனார்கள்.

என்னை மட்டும் கேட்கவில்லை.

கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு. ஆனால் வழிப்போக்கரைக் கேட்கிறவளுக்கு எதிர் வீட்டில் இருக்கிற நான் கண்ணில் படவில்லையா? என் வீட்டுக்காரரோ வீட்டில் வாய் திறக்காதவர், அங்கே போனால் பேச்சாளராகிவிட்டார். நான் எங்கள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து பார்ப்பேன். கையை ஆட்டுவதென்ன, ஒரு விரலைத் தூக்கி நிறுத்துவதென்ன. எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த விரலை நான் பார்த்ததே இல்லை. அவளை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அதில் எனக்குக் கோளாறு எதுவும் தெரியவில்லை. தங்கச்சி மேல் பொறாமைப்படக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விவகாரம் முற்றியது. லேத்துக்காரர் சென்னையிலிருந்து கார் மெழுகு டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு வரப்போவதாகச் செய்தி. என் வீட்டுக்காரருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அவர் மில்லில் கேரம் போர்டு ஆடுவதில் பேர் எடுத்தவர். ஜெயித்த கோப்பை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, நான் அதில் கடுகு கொட்டி வைத்திருந்தேன். கேரம் பலகையில் காய் வழுக்கப் பவுடர் தூவுவார்கள் இல்லையா, அந்த டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். சீட்டியடித்துக்கொண்டே தெருவைக் கடந்தார். மெழுகும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பலகை என்றால் பவுடர்தான் என்று எல்லோருக்கும் முந்தி முடித்துக்காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு.

கண்ணாடியைக் கழற்றித் தாராளமாகத் தூவியிருக்கிறார். லேத்துக்காரர் டப்பாவோடு வந்தபோது ஷெட்டில் ஒரு கூட்டமே நின்றது. முதல் குண்டை இவரே விட்டார். அது போன வேகம் எங்கள் வாசலில் இருந்து எனக்கே தெரிந்தது. மணி விடாமல் அடித்தது. கூட்டத்தில் கை தட்டினார்கள். நான் முறத்தில் இருந்த அரிசியைக் கொஞ்சம் கோபமாகப் புடைத்தேன்.

இரண்டாவது குண்டுக்கு மணி சுருதி குறைந்தது. மூன்றாவதுக்கு அந்தச் சின்னக் கை இரண்டும் தூக்கியது தூக்கியபடி நின்றுவிட்டன, கும்பிடு போடுகிறவன் மாதிரி. பொத்தானைத் தட்டினால் உள்ளே உர்ரென்று சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் ஒயர் தீய்ந்த வாடை. கேரம் பலகையில் பவுடர் மேலேயே இருக்கும். இதில் எத்தனை சந்து, எத்தனை ஓட்டை. மாவெல்லாம் உள்ளே இறங்கி, எண்ணெயோடும் மில் கரியோடும் சேர்ந்து கறுப்புக் களியாகப் பிடித்துக்கொண்டுவிட்டது.

அதற்குள் நான் எழுந்து எதிர்சாரிக்குப் போய்விட்டேன். புருஷன் மாட்டிக்கொண்டால் பெண்டாட்டிக்குக் கால் நிற்குமா. லேத்துக்காரர் குனிந்து ஒரு விரலால் பவுடரைத் தொட்டுப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"அண்ணன் கேரம் போர்டுன்னு நென்ச்சிகினாரு போலகீது."

எல்லோரும் சிரித்தார்கள். மில் ஆட்களும் அதில் இருந்தார்கள், மறுநாள் ஷிப்டில் இவரோடு நிற்கப்போகிறவர்கள். என் வீட்டுக்காரருக்குக் காது சிவந்தது. அந்த நேரத்தில் பாயம்மா, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"நான்தான் பவுடர் போடச் சொன்னேன். அண்ணன் வேணாம்னுதான் சொல்லிகினு இருந்தாரு. நான்தான் கேக்கல."

பச்சைப் பொய். அவள் வாயிலிருந்து 'கேக்கல' என்ற வார்த்தை வந்ததே தெருவுக்குப் பெரிய பொய்யாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒருத்தி வீட்டில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தே சிரிக்க முடியுமா. லேத்துக்காரர் சிரிப்பை அப்படியே மடித்து வைத்துக்கொண்டார். பரவாயில்லை, துடைத்துவிடலாம் என்றார். கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்து அவர் தலை குனிந்து சாப்பிட்டார். என் வாயில் ஒரு வார்த்தை உருண்டுகொண்டே இருந்தது. சோறு குழைந்துவிட்டது, கொஞ்சம் கேரம் பவுடர் தூவட்டுமா என்று. எனக்குத் தோன்றியதிலேயே நல்ல வார்த்தை அது, ஒரு வருஷத்துக்கு வைத்து ஓட்டலாம். நான் சொல்லவில்லை. இரக்கத்தால் இல்லை. அங்கே ஒருத்தி அவர் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இங்கே நான் சிரித்தேன் என்றால் அவள் இன்னும் ஒரு படி மேலே போய்விடுவாள். அந்த உபகாரத்தை நான் ஏன் அவளுக்குச் செய்ய வேண்டும்? விழுங்கிவிட்டேன். மீன் முள் மாதிரி இறங்கியது.

மறுநாள் அவர் மில்லுக்குப் போனதும் நான் எதிர் வீட்டுக்குப் போனேன். ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் சந்துசந்தாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கறுப்பு மாவு. பேச்சைச் சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை.

"எம் புருசன் பண்ண தப்பு அது. அத்த நீ எதுக்கு எடுத்துகின?"

பிரஷைக் கீழே வைத்தாள்.

"அவரு தப்புன்னு ஆயிட்டா நாளைக்கி அவரு வர மாட்டாருக்கா. லேத்துக்காரரு செயிச்சிட்டாருன்னா அவரும் வர மாட்டாரு."

"அப்ப நீயே ஒரு முடிவு பண்ணி அத்தப் பூசித் தொலைக்கிறதுதானே. எத்தினி மாசமா கேட்டுகினே கீற?"

"பூசிட்டா யாருமே வர மாட்டாங்க."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. தண்ணீர் வரவில்லை, கரண்ட் வரவில்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். பாய் வாரத்துக்கு ஒருதரம் வருகிறார், வந்தாலும் தூங்குகிறார். அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் ஏன் வந்தாய் என்பார்கள். இந்த ஊரில் அவளுக்கு யாரைத் தெரியும்? சும்மா வந்து உட்காருங்கள் என்றால் யாரும் வர மாட்டார்கள், ஆனால் ஒன்று கேட்டால் சொல்லிவிட்டுப் போக வருவார்கள். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அவ்வளவுதான் கணக்கு.

"என்ன மட்டும் கேக்கலியே" என்றேன். கேட்க நினைத்து வந்தது அதுவல்ல. வாய் கேட்டுவிட்டது.

"உங்களக் கேக்க பயம்க்கா. கேட்டா நீங்க சிரிக்க வச்சிடுவீங்க. சிரிச்சிட்டா எல்லாரும் ஊட்டுக்குப் போயிடுவாங்க."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. வந்த வேகத்தில் பொறாமை அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறந்ததிலிருந்து நான் இதே ஊரில் இருக்கிறேன், என் வாய்க்கு ஊரே சிரிக்கும். சிரித்த பிறகு எழுந்து போய்விடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லையே. நேற்று வந்த நெட்டைச்சிக்குத் தெரிந்திருக்கிறது. டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்கக்கா என்றாள். பிடித்தேன். அந்த வெள்ளைக்காரியை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். மூக்கு இல்லாவிட்டாலும் கண் நன்றாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி நானும் கேட்டுப் பார்த்தேன். வித்தை என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பேனா. அவர் சாப்பிட உட்கார்ந்ததும், குளியலறைக் கதவுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். வாயையும் லேசாகத் திறந்து வைத்தேன்.

அவர் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

நன்றாகத்தான் இருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். பச்சை என்றார். ஏன் பச்சை என்று ஆரம்பித்தார். ஈரத்துக்கு எந்தப் பெயிண்ட் நிற்கும், மில்லில் எந்தப் பெயிண்ட் அடிக்கிறார்கள், அதை அடிக்கிற ஆள் யார், அவன் மச்சான் யார். அந்த விரலும் வந்தது. அதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் ஏங்கினேன். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாய் வலித்தது. நடுவில் வெடுக்கென்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துடித்துக்கொண்டே இருந்தது, பல்லைக் கடித்துப் பிடித்துவைத்தேன். இதை அவள் தினமும், ஊருக்கே செய்கிறாள். பேசி முடித்ததும் அவர் கை கழுவிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டார். கேட்ட பிறகும் போனார். என்ன, அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் திரும்பி வந்தார். கதவுக்கு நீலம்கூட நன்றாக இருக்கும் என்று சொல்வதற்காக.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி கேட்டேன். ரேஷன் அரிசியை மாவுக்குப் போடலாமா, நாத்தனார் வீட்டுக்கு இந்த மாதம் போவதா அடுத்த மாதமா. பாதி வேஷம்தான். மில்லிலிருந்து வந்து நேராக எதிர் வீட்டுக்குப் போகிறவர், முதலில் எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகத் தொடங்கினார். அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளுக்கு அது சும்மா கிடைத்தது.

பாய் வியாபாரத்தை நெல்லூர்ப் பக்கமே மாற்றிக்கொண்டார். கடற்கரையையொட்டி வீடு பார்த்துவிட்டார்கள். காலி செய்கிற அன்று ஒரு சின்ன டெம்போ வந்தது. மிஷினின் காலைக் கழற்றி, சாக்கையும் பழைய புடவையையும் சுற்றி ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு என் வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். என் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போடாதவர். லேத்துக்காரரும் பட்டறையை மூடிவிட்டு வந்திருந்தார். தெருவே நின்றது. நான் எங்கள் வாசலில் நின்றேன்.

அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியாக என் வீட்டுக்காரரிடம் வந்தாள்.

"அண்ணே, அங்க கடக் காத்து. உப்பு. இப்ப நெசமாவே சொல்லுங்க. பூசலாமா, வேணாமா?"

அத்தனை மாதமும் ஓடிய வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல அவரைக் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் லேத்துக்காரர் முன்னால். அவர் டெம்போவைப் பார்த்தார். லேத்துக்காரரைப் பார்த்தார். விரலைத் தூக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எங்க ஊட்ல கேளு தங்கச்சி."

அவள் தெருவைக் கடந்து என் வாசலுக்கு வந்தாள். தோளில் இருந்த பையைக் கீழே வைத்தாள். கையைச் சேர்த்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி, என் முகத்தைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் ஆளுக்கு என்ன ஆகும் என்பது அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. மூக்கு இல்லாதவளைப் பற்றி, உப்பைப் பற்றி, கருவாட்டைப் பற்றி என்று எத்தனையோ வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு யோசித்தேன். அந்த ஊரிலும் ஒரு தெரு இருக்கும். அந்தத் தெருவிலும் என்னை மாதிரி ஒருத்தி முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் ஒரு புருஷன் இருப்பான்.

"பூசிடு" என்றேன். "போன அன்னிக்கே பூசிடு. அங்க யாரையும் கேட்டுகினு நிக்காத."

ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தமாக, முக்காடு நழுவுகிற அளவுக்கு. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"அப்டியா சொல்றீங்கக்கா."

என் வீட்டுக்காரர் லேத்துக்காரரிடம், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லேத்துக்காரர் அதை மறுத்துப் பேசவில்லை. பாய் முன்னால் ஏறிக்கொண்டார், அவள் ஜன்னல் பக்கம். டெம்போ புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பி, ரயில்வே கேட்டுப் பக்கம் திரும்பியது. கூட்டம் கலைந்து அவரவர் உள்ளே போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நடுத்தெருவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வண்டி போன திசையையே பார்த்தபடி நின்றார்.

உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. நானும் போகவில்லை. எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்க்கத்தான்.